ராத்திரி பூரா டக்கு டக்கென்ற ஹார்டு டிஸ்க்

காவேரிப்பட்டணத்தில் அக்கா வீட்டுக்காரர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார். முன்பக்கம் கடை, பின்பக்கம் எடிட்டிங் அறை, அதற்குள்ளேயே ஓரமாக ஒரு கட்டில். முகூர்த்த நாட்களில் மண்டபத்திலிருந்து திரும்ப ராத்திரி ஒரு மணி, இரண்டு மணி ஆகிவிடும். வீட்டுக்குப் போகாமல் மாமா அந்தக் கட்டிலிலேயே படுத்துவிடுவார். சித்திரை கடைசியில் ஒருநாள் காலையில் போன் வந்தது.

"மாப்ள, அந்த ஸ்டோரேஜ் பெட்டி ராத்திரி பூரா டக்கு டக்குங்குது. கண்ணை மூட முடியல. டிஸ்க்கு போகப் போவுதா?"

எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்தப் பெட்டியில் இருப்பது ஊர்க்காரர்களின் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாம். பழைய வீடியோ கேசட்டுகளைக்கூட ஒவ்வொன்றாக ஓட்டி அதில்தான் ஏற்றி வைத்திருக்கிறோம். கடைப் பலகையில் இன்னும் 'தர்மபுரி மாவட்டம்' என்றுதான் எழுதியிருக்கும். 2004-ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முன்பே எழுதிய பலகை அது. அந்தக் காலத்தில் தாலி கட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இப்போது கல்யாணம் நடக்கிறது. "எங்க அப்பா அம்மா கல்யாண வீடியோ இருக்குமாண்ணா?" என்று கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது இந்தப் பெட்டியிலிருந்துதான்.

அன்று மாலையே தர்மபுரியில் பஸ் ஏறினேன். காரிமங்கலம் தாண்டி ரோட்டோரமெல்லாம் மாங்காய் லோடு வண்டிகள் நின்றன. ஸ்டுடியோ போய்ச் சேர ஏழு மணி ஆகிவிட்டது.

பெட்டியின் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். பழைய டெஸ்க்டாப் ஒன்று. லினக்ஸ் என்ற இயங்குதளம் 120 ஜிபி எஸ்எஸ்டியில் இருக்கிறது. அதோடு 3.5 அங்குல ஹார்டு டிஸ்க் இரண்டு, ஒவ்வொன்றும் 4 டிபி. முதலாவதில்தான் எல்லா ஃபைலும். இரண்டாவது, முதலாவதின் நகல். தினமும் ராத்திரி 11.30-க்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் நிரல் ஓடி, அன்றைக்குப் புதிதாக வந்ததை இரண்டாவதில் போட்டுவிடும். எடிட்டிங் செய்யும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் இரண்டும் நெட்வொர்க்கில் ஃபைல் பகிரும் சாம்பா வழியாக முதல் டிஸ்க்கைத் திறக்கின்றன. பெட்டி 24 மணி நேரமும் ஓடும். இரண்டு டிஸ்க்கும் வாங்கி ஒன்பது மாதம்கூட நிறையவில்லை.

எல்லோரும் வேலையை முடித்துக் கிளம்பியதும் மூடியைக் கழற்றினேன். நீளமான ஸ்க்ரூடிரைவரின் முனையை டிஸ்க்கின் ஓரத்தில் மெதுவாக வைத்து, பிடியைக் காதோடு அழுத்திக் கேட்டேன். மோட்டார் மெக்கானிக்குகள் பேரிங் சத்தம் கேட்கும் அதே முறை, டிஸ்க்குக்கும் நன்றாகவே வேலை செய்யும். முனை வெளி உலோகத்தில் மட்டும் பட வேண்டும், அடியில் இருக்கும் சர்க்யூட் போர்டில் பட்டுவிடக் கூடாது.

முதல் டிஸ்க்கில் தட்டு சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. தேனீ கூட்டுக்குள் இருப்பது போன்ற ஒரே மாதிரி இரைச்சல். திடீரென 'க்ளுக்'. உடனே இரண்டு மூன்று 'க்ரிக் க்ரிக்'. பிறகு வெறும் இரைச்சல். எட்டு வினாடி கழித்து 'டக்'. அப்புறம் எதுவும் இல்லை. செல்போனில் நேரம் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தேன். சரியாக இரண்டு நிமிடம் ஆனதும் மறுபடி 'க்ளுக்', 'க்ரிக் க்ரிக்', எட்டு வினாடி, 'டக்'. இன்னும் ஐந்து தடவை கேட்டேன். கடிகாரம் மாதிரி தப்பாமல் வந்தது.

அப்போதுதான் கொஞ்சம் மூச்சு வந்தது. சாகப்போகும் டிஸ்க் பெரும்பாலும் இப்படி இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரம் பார்த்துத் தட்டாது. படிக்க முடியாத இடத்தில் ஹெட் (தகவலைப் படித்து எழுதும் முனை) திரும்பத் திரும்ப முட்டும்போது வரும் சத்தம் அவசரமாக, விட்டுவிட்டு, சில நேரம் ஒரு நிமிடத்துக்கு விடாமல் வரும். இது அப்படியில்லை. இது ஹெட் ஒதுங்கும் சத்தம்.

ஹார்டு டிஸ்க்குக்குள் காந்தப்பூச்சு பூசிய தட்டு சுற்றும். அதன்மேல் சில நானோமீட்டர் உயரத்தில், காற்றின் மெல்லிய படலத்தில் ஹெட் மிதக்கும். வேலை இல்லாதபோது ஹெட்டைத் தட்டிலிருந்து விலக்கி, ஓரத்தில் இருக்கும் பிளாஸ்டிக் சரிவில் ஏற்றி வைத்துவிடும் வழக்கம் இன்றைய டிஸ்க்குகளில் உண்டு. அந்தச் சரிவுக்கு ரேம்ப் என்று பெயர். ஹெட் ஒதுங்கிவிட்டால் தட்டின் மேல் காற்றிழுவை குறையும், மோட்டாருக்குக் கொஞ்சம் மின்சாரம் மிச்சம். மறுபடி யாராவது ஃபைல் கேட்டால் ரேம்ப்பிலிருந்து இறங்கி வரும். இப்படி ஒருமுறை ஏறி இறங்குவது ஒரு லோடு சைக்கிள். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. இந்த மாடலின் டேட்டாஷீட்டில் போட்டிருந்தது 3,00,000.

டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் கணக்குகளைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கருவியை ஓட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு கணக்குக்கும் ஒரு வரிசை எண் உண்டு. வரிசை எண் 9, ஓடிய மணி நேரம்: 6,247. வரிசை எண் 193, லோடு சைக்கிள் கவுன்ட்: 1,87,412. முதலில் பார்க்க வேண்டிய 5, 197 இரண்டும் பூஜ்யம்தான். அதாவது கெட்டுப்போன செக்டரும் (தட்டில் தகவல் எழுதும் சின்னத் துண்டு) இல்லை, சந்தேகத்தில் நிற்கும் செக்டரும் இல்லை. மாமாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன்.

1,87,412-ஐ 6,247-ஆல் வகுத்தால் மணிக்கு 30. இரண்டு நிமிடத்துக்கு ஒன்று. காதில் கேட்டதும் கணக்கில் வந்ததும் ஒன்றுதான். ராத்திரி பத்து மணிக்கு எண்ணைக் குறித்து வைத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு மறுபடி பார்த்தேன். 1,87,652. எட்டு மணி நேரத்தில் 240. ஒரு நாளைக்கு 720. இதே வேகத்தில் போனால் 3,00,000-ஐத் தொட 156 நாள்தான். ஐப்பசி முகூர்த்தம் தொடங்கும் நேரம். அந்த எண்ணைத் தொட்ட அன்றே டிஸ்க் நின்றுவிடும் என்றில்லை, தாண்டியும் வருடக்கணக்கில் ஓடும் டிஸ்க்குகள் உண்டு. ஆனாலும் ஐந்து வருடம் உழைக்க வேண்டிய ஒரு பாகத்தை ஒன்றரை வருடத்துக்குள் தேய்ப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

மின்சேமிப்பு என்று எல்லாவற்றையும் ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். அதில் நிலைகள் தனித்தனி. தட்டு சுற்றி, ஹெட் வேலையில் இருந்தால் ஆக்டிவ். தட்டு சுற்றுகிறது, வேலை இல்லை என்றால் ஐடில். ஹெட் ஒதுங்குவது இந்த நிலையில்தான். தட்டே நின்றுவிட்டால் ஸ்டாண்ட்பை. யாராவது ஃபைல் கேட்டதும் டிஸ்க் தானாகச் சுற்றி எழும். கடைசி நிலை ஸ்லீப். அதிலிருந்து எழுப்ப ரீசெட் கொடுக்க வேண்டும், அதனால் நான் அந்தப் பக்கமே போவதில்லை. டிஸ்க்குக்குக் கட்டளை அனுப்பும் எச்டிபார்ம் கருவியில் சின்ன ஒய் கொடுத்தால் ஸ்டாண்ட்பை, பெரிய ஒய் கொடுத்தால் ஸ்லீப். ஓர் எழுத்து மாறினால் கதை மாறிவிடும், கவனம்.

முதலில் கை போனது ஏபிஎம் என்ற மின்சேமிப்பு அமைப்புக்கு. எச்டிபார்மின் பெரிய பி தெரிவுக்கு 1 முதல் 254 வரை ஓர் எண் கொடுக்கலாம். 127 வரை கொடுத்தால் டிஸ்க் தட்டை நிறுத்த அனுமதி. 128-லிருந்து 254 வரை தட்டு நிற்காது, எண் கூடக்கூட வேகத்துக்கே முன்னுரிமை. 255 கொடுத்தால் ஏபிஎம்மையே அணைத்துவிடும். மடிக்கணினி டிஸ்க்குகள் பலவற்றில் 254 கொடுத்தவுடன் இந்த டக்கு டக்கு நின்றுவிடும். இந்த டிஸ்க்கில் 'ஆதரவு இல்லை' என்று பதில் வந்தது. ஹெட்டை ஒதுக்கும் நேரத்தைத் தன் உள் மென்பொருளிலேயே வைத்துக்கொண்டு, வெளியில் ஏபிஎம் கதவையே வைக்காத ரகம். அந்த ரகத்துக்கென்றே ஐடில்3சிடிஎல் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. அதில் கேட்டதும் 80 என்று காட்டியது. 128 வரை உள்ள எண்ணுக்கு ஒன்றுக்குப் பத்தில் ஒரு பங்கு வினாடி. 80 என்றால் 8 வினாடி. ஸ்க்ரூடிரைவரில் கேட்ட அதே எட்டு.

அந்த எண்ணை மாற்றினால் சத்தம் நின்றுவிடும் என்று அப்போதே தெரியும். ஆனால் மாற்றவில்லை. எட்டு வினாடியில் ஒதுங்குவது டிஸ்க்கின் குணம், சரி. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அதை எழுப்புவது யார்? ராத்திரி மூன்று மணிக்கு ஸ்டுடியோவில் எந்த ஃபைலையும் யாரும் திறப்பதில்லை. டைமரை நீட்டிவிட்டால் எழுப்புகிறவன் யாரென்று தெரியாமலே போய்விடும். டிஸ்க் ஒருநாளும் ஸ்டாண்ட்பைக்கும் போகாது.

எந்த ஃபைலை எந்த நிரல் தொடுகிறது என்று காட்டும் ஃபேட்ரேஸ் என்ற கருவியை ஓட்டினேன். இதில் ஒரு முக்கியமான விஷயம்: அதன் பதிவை நாம் சோதிக்கும் அதே டிஸ்க்கில் எழுதக் கூடாது, எழுதினால் அதுவே டிஸ்க்கை எழுப்பிக்கொண்டிருக்கும். எஸ்எஸ்டியில் எழுதச் சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் எதுவும் இல்லை. பிறகு ஒரே ஒரு வரி. முதல் டிஸ்க்கின் மேலடுக்கில் 'உயிர்' என்ற பெயரில் ஒரு ஃபைல், அதில் ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் (சின்னக் கட்டளைத் தொகுப்பு) எழுதுகிறது.

அந்த ஸ்கிரிப்டை எழுதியது நான்தான். போன வருடம் டிஸ்க்குகளை மாட்டிய அன்று, டிஸ்க் சரியாக மவுன்ட் ஆகியிருக்கிறதா (லினக்ஸோடு இணைந்திருக்கிறதா) என்று இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சோதிக்க, குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரானில் போட்டிருந்தேன். அப்போதைய நேரத்தை அந்த ஃபைலில் எழுதிப் பார்க்கும், எழுத முடிந்தால் எல்லாம் நலம். ஒரு வரி, இருபது எழுத்துகூட இருக்காது. எழுதியவுடன் அது ரேமில் நிற்கும். சில வினாடிகளில் எக்ஸ்ட்4 என்ற ஃபைல் அமைப்பு தன் ஜர்னல் பதிவோடு சேர்த்து டிஸ்க்குக்குத் தள்ளும். அதற்காக ஹெட் ரேம்ப்பிலிருந்து இறங்கி வரும், எழுதும், எட்டு வினாடி காத்திருக்கும், ஏறிவிடும். டிஸ்க்கைப் பாதுகாக்க வேண்டும் என்று நான் வைத்த காவல்தான் ஒன்பது மாதமாக அதைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தது. அன்று ராத்திரி அதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஒன்றும் சொல்லவில்லை. "சரி விடு, இப்ப கண்டுபுடிச்சிட்ட இல்ல" என்றார். எனக்கு மனசு ஆறவில்லை.

ஸ்கிரிப்டைத் திருத்தினேன். டிஸ்க்கில் எழுதிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மவுன்ட்பாயின்ட் என்ற கட்டளை, லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் கையில் வைத்திருக்கும் விவரத்தைப் பார்த்தே பதில் சொல்லிவிடும். 'எல்லாம் நலம்' என்ற குறிப்பை ரேமில் இருக்கும் ரன் அடைவுக்கு மாற்றினேன். இரண்டு நிமிடத்தைப் பதினைந்து நிமிடமாக்கினேன்.

அதற்குப் பிறகுதான் டைமர். ஐடில்3-ல் 128-க்கு மேல் போனால் கணக்கு மாறும், 128-ஐக் கழித்து 30 வினாடியால் பெருக்க வேண்டும். 138 கொடுத்தேன். பத்து முப்பது, 300 வினாடி, ஐந்து நிமிடம். இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ரீஸ்டார்ட் செய்தால் புதிய நேரம் அமலுக்கு வராது. டிஸ்க்குக்கு மின்சாரமே போகாதபடி பெட்டியை முழுக்க அணைத்து, மறுபடி போட வேண்டும். நான் ஷட்டவுன் செய்து, பிளக்கையும் பிடுங்கி, ஒரு நிமிடம் கழித்துத்தான் போட்டேன்.

ராத்திரி பத்துக்கும் காலை ஆறுக்கும் இடையில் எண் மூன்றுதான் கூடியிருந்தது. அவை மூன்றும் ஆர்சிங்க் ஓடிய நேரத்தை ஒட்டியவை. மாமா ஏழு மணி வரை தூங்கினார்.

இரண்டாவது டிஸ்க்கின் பிரச்சினை வேறு மாதிரி. அதில் சத்தம் வரவில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. எண்ணைப் பார்த்தபோது லோடு சைக்கிள் பரவாயில்லை, ஆனால் வரிசை எண் 4, தட்டு நின்று கிளம்பிய கணக்கு, பதினோராயிரத்தைத் தாண்டியிருந்தது. ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவை வேலை உள்ள டிஸ்க் அது. 260 நாளில் 260 வந்திருக்க வேண்டும், கூடுதலாக நூறு இருநூறு வரலாம்.

அதற்குப் பத்து நிமிடத்தில் ஸ்டாண்ட்பை வைத்திருந்தேன். எச்டிபார்மின் பெரிய எஸ் தெரிவில் 120. இந்த எஸ்ஸின் எண் கணக்கு கொஞ்சம் கோணலானது. 1 முதல் 240 வரை ஒவ்வொன்றும் 5 வினாடி, அதனால் 120 என்றால் 600 வினாடி. 241 முதல் 251 வரை ஒவ்வொரு படியும் அரை மணி, 241 அரை மணி, 242 ஒரு மணி. 0 கொடுத்தால் ஸ்டாண்ட்பையே கிடையாது. இது தெரியாமல் '60 நிமிடம்' என்று நினைத்து 60 போட்டால் ஐந்தே நிமிடத்தில் தட்டு நின்றுவிடும்.

பத்து நிமிடத்தில் தூங்குகிறது, சரி. யார் எழுப்புகிறார்கள்? இந்தத் தடவை ஃபேட்ரேஸில் ஒன்றும் வரவில்லை. ஃபைலையே தொடாமல் டிஸ்க்கோடு நேரடியாகப் பேசும் ஏதோ ஒன்று என்று அர்த்தம். ஸ்மார்ட்டி சேவைதான். டிஸ்க்கின் உடல்நிலையைக் கவனித்து மெயில் அனுப்புவதற்காக அதை ஓட விட்டிருந்தேன். தனியாக எதுவும் சொல்லாவிட்டால் அரை மணிக்கு ஒருமுறை கேட்கும், டிஸ்க் தூங்குகிறதா என்று பார்க்காமலே கேட்கும். அரை மணிக்கு ஒருமுறை தட்டு கிளம்பி, பத்து நிமிடம் சுற்றி, நின்று, இருபது நிமிடத்தில் மறுபடி கிளம்பியிருக்கிறது. ஒரு நாளைக்கு 48 தடவை. தட்டு நின்ற நிலையிலிருந்து கிளம்பும்போது 3.5 அங்குல டிஸ்க் 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் வரைகூட இழுக்கும். சுற்றிக்கொண்டே சும்மா இருப்பதைவிடப் பல மடங்கு. சும்மா சுற்ற விட்டிருந்தாலே அதற்கு நல்லதாக இருந்திருக்கும்.

ஸ்மார்ட்டியின் கட்டமைப்பு ஃபைலில் அந்த டிஸ்க்கின் வரியில் சின்ன என் தெரிவைச் சேர்த்து 'ஸ்டாண்ட்பை' என்று எழுதினால், தூங்கும் டிஸ்க்கை அது விட்டுவிடும். அதோடு காற்புள்ளி போட்டு க்யூ எழுத்தைச் சேர்த்தால், 'தூங்குகிறது, விட்டுவிட்டேன்' என்று ஒவ்வொரு தடவையும் பதிவில் எழுதாது. அப்படிச் செய்தேன். ஆர்சிங்க் ஸ்கிரிப்டின் கடைசி வரியில் எச்டிபார்ம் சின்ன ஒய் சேர்த்தேன். நகல் முடிந்ததும் பத்து நிமிடம் காத்திராமல் உடனே தூங்கப் போய்விடும். தூங்குகிறதா என்று பார்க்க எச்டிபார்மின் பெரிய சி தெரிவு போதும், அது டிஸ்க்கை எழுப்பாது.

முதல் டிஸ்க்குக்கு எவ்வளவு நேரம் வைப்பது என்றுதான் யோசித்தேன். எடிட்டிங் செய்யும் தம்பியிடம் கேட்டேன். "காலைல முதல் ஃபோல்டரைத் திறந்தா பத்து செகண்ட் நின்னுரும்ணா. அது பரவால்ல. மத்தியானம் ஆல்பம் டிசைன் பண்ணும்போது நடுவுல நடுவுல நிக்கறதுதான் கஷ்டம்" என்றான். அவன் உட்கார்ந்து வேலை செய்வதை ஒரு மதியம் முழுக்கப் பார்த்தேன். நாற்பது படத்தை இழுத்து வைத்துக்கொண்டு அரை மணி நேரம் அதிலேயே கிடக்கிறான். பிறகு அடுத்த நாற்பது. அரை மணியில் தூங்கும் டிஸ்க் அவன் கை நீட்டும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருக்கும். அதனால் 242, ஒரு மணி நேரம். பகல் முழுக்க விழித்திருக்கும், கடை மூடிய பிறகு ஒரு தடவை தூங்கும், 11.30-க்கு எழுந்து நகல் முடித்து மறுபடி தூங்கும், காலையில் எழும். ஒரு நாளைக்கு இரண்டு அல்லது மூன்று தடவை. இந்தக் கணக்கை எந்தப் புத்தகமும் சொல்லாது, அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எடிட்டிங் கம்ப்யூட்டர்களிலும் ஒரு வேலை இருந்தது. விண்டோஸின் பேலன்ஸ்டு திட்டத்தில் 20 நிமிடம் சும்மா இருந்தால் ஹார்டு டிஸ்க்கை அணைக்கும்படி இருக்கும். அந்த ஒரே எண்தான் எல்லா டிஸ்க்குக்கும், தனித்தனியாக வைக்க முடியாது. ஃபுட்டேஜ் வைத்திருக்கும் டி டிரைவ் அதனால்தான் இடையிடையே நின்று கிளம்பியது. பவர் ஆப்ஷன்ஸில் 'நெவர்' ஆக்கிவிட்டேன். பகலில் ஓடி ராத்திரி அணைக்கும் கம்ப்யூட்டருக்கு அது போதும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று ஊருக்கு வந்துவிட்டேன். பத்து நாள் கழித்து மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் இல்லை. யூபிஎஸ் தீர்ந்து பெட்டி அணைந்து, சாயங்காலம் மறுபடி கிளம்பியிருக்கிறது. மறுநாள் தம்பி போன் செய்தான், "பழையபடி நிக்குதுண்ணா." போய்ப் பார்த்தால் இரண்டு டிஸ்க்குக்கும் லினக்ஸ் வைத்த பெயர் இடம் மாறியிருந்தது. எஸ்டிபி என்று இருந்தது எஸ்டிசி ஆகி, எஸ்டிசி எஸ்டிபி ஆகிவிட்டது. நான் பெயரை வைத்து எழுதியிருந்ததால் நகல் டிஸ்க்கின் பத்து நிமிடம் முதல் டிஸ்க்குக்குப் போய்விட்டது. லினக்ஸில் அந்த எழுத்துகள் எந்த டிஸ்க் முதலில் கண்ணில் படுகிறதோ அதைப் பொறுத்தவை. எச்டிபார்மின் கட்டமைப்பு ஃபைலிலும் ஸ்மார்ட்டியிலும் ஆர்சிங்க் ஸ்கிரிப்டிலும், சீரியல் எண்ணோடு வரும் பை-ஐடி முகவரியையே இப்போது எழுதிவிட்டேன். எச்டிபார்மில் கையால் கொடுக்கும் அமைப்பு மின்சாரம் போனால் மறந்துபோகும் என்பதால் அந்த ஃபைலில் எழுதாமல் விடவே கூடாது.

அதே நாளில் கண்ணில் பட்ட இன்னொன்று. வாடிக்கையாளருக்குப் படம் கொடுக்க வைத்திருக்கும் 2.5 அங்குல யூஎஸ்பி டிஸ்க்கை வேலை முடிந்ததும் வெடுக்கென்று பிடுங்குகிறார்கள். பிடுங்கும்போது கையில் பிடித்துப் பாருங்கள் என்று தம்பியிடம் சொன்னேன். உள்ளே 'ட்டக்' என்று ஓர் அதிர்வு வரும். மின்சாரம் போன நொடியில், சுற்றிக்கொண்டிருக்கும் தட்டின் வேகத்திலிருந்தே மின்சாரம் எடுத்து ஹெட்டை ரேம்ப்புக்கு இழுக்கும் அவசர ஏற்பாடு அது. வழக்கமாக ஒதுங்குவதைவிட முரட்டுத்தனமாக நடக்கும். வரிசை எண் 192-ல் அதன் கணக்கு ஏறும். அந்த டிஸ்க்கில் 340 இருந்தது. 'சேஃப்லி ரிமூவ்' கொடுத்துவிட்டு, விளக்கு அணைந்து, கையில் சுழற்சி நிற்பது தெரிந்த பிறகு எடுத்தால் அந்த எண் ஏறாது. யூஎஸ்பி பெட்டிகளில் எச்டிபார்ம் பேசுவது டிஸ்க் வரை போய்ச் சேருவதற்கு உத்தரவாதமில்லை, நடுவில் இருக்கும் சிப் விட்டால்தான் உண்டு. இந்தப் பெட்டியின் சிப் விடவில்லை. அதனால் இங்கே பழக்கம்தான் மருந்து.

மின்சாரம் எவ்வளவு மிச்சம் என்று மாமா கேட்டார். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் பார்த்தோம். இரண்டு டிஸ்க்கும் சுற்றும்போது 38 வாட். இரண்டும் தூங்கும்போது 29. ஒரு டிஸ்க்குக்கு நாலரை வாட். முதலாவது ராத்திரி பதினொரு மணி நேரம், இரண்டாவது கிட்டத்தட்ட நாள் முழுக்கத் தூங்கினால் மாதத்துக்கு நாலரை யூனிட் வரும். கரண்ட் பில்லுக்காக இதைச் செய்ய வேண்டியதே இல்லை. எனக்கு முக்கியம் சூடு. பங்குனி சித்திரையில் அந்த ஷீட் போட்ட பின்னறையில் நகல் டிஸ்க் 47 டிகிரி காட்டியது. இப்போது ராத்திரி நகல் ஓடி முடியும்போதுகூட 39-ஐத் தாண்டுவதில்லை. பக்கத்து டிஸ்க்கின் சூடும் இரண்டு டிகிரி இறங்கியிருக்கிறது.

பெட்டியின் பக்கத்தில் ஆணியில் ஒரு நாற்பது பக்க நோட்டுத் தொங்குகிறது. திங்கள்கிழமை தோறும் தம்பி 4, 192, 193, சூட்டைக் காட்டும் 194 நான்கையும் அதில் எழுதுகிறான். போன வாரம் போனபோது புரட்டிப் பார்த்தேன். ஆடி கடைசித் திங்கள், முதல் டிஸ்க்: 193-க்கு நேரே 1,88,906. நகல் டிஸ்க்கின் 4-வது எண் முந்தைய வாரத்தைவிட ஏழு கூடியிருந்தது, நாளுக்கு ஒன்று. யூஎஸ்பி டிஸ்க்கின் 192-ல் மட்டும் 341 என்று எழுதி, பக்கத்தில் 'அவசரத்தில் பிடுங்கிவிட்டேன் அண்ணா' என்று பென்சிலால் குறித்திருந்தான்.